பேராசிரியர் பென்ஷனும் பள்ளிக்கூட மணியும்

பீரியட் ஏன் முக்கால் மணி நேரம்? பிள்ளைகளின் கவனம் அவ்வளவுதான் தாங்கும்னு யாரோ அளந்து வைத்ததாக நினைத்திருந்தேன். அமெரிக்கக் கதை வேறு.

1905இல் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் பென்ஷனுக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். அதை நிர்வகித்த அறக்கட்டளை ஒரு நிபந்தனை போட்டது: பென்ஷன் வேண்டுமா, உயர்நிலைப் பள்ளியில் 14 'யூனிட்' முடித்தவர்களையே கல்லூரி சேர்க்க வேண்டும். ஒரு யூனிட் என்பது ஒரு பாடத்தில் ஓராண்டில் சுமார் 120 மணி நேரம். கல்லூரிகள் ஒத்துக்கொண்டன. தினமும் பாடத்துக்கு ஒரு பீரியட் என்ற வழக்கம் பள்ளிகளில் இறுகிப்போனது.

இதை உடைக்க வந்ததுதான் 'பிளாக்' அட்டவணை. 1990களில் வேகமாகப் பரவியது. அதில் ஒரு வகையில் நாளுக்கு நான்கே பாடம், ஒவ்வொன்றும் 90 நிமிடம். ஓராண்டுப் பாடம் அரையாண்டில் முடியும்.

லாபம் உண்டு. சோதனைக்கூடத்தில் பர்னரைப் பற்றவைத்ததுமே மணி அடிக்காது. ஆசிரியருக்கும் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டிய பிள்ளைகள் குறைவு.

நஷ்டம்? ஒருநாள் காய்ச்சல்னா இரண்டு நாள் பாடம் போச்சு. இந்த ஆண்டு முதல் பாதியில் கணக்கு, அடுத்த முறை மறு ஆண்டின் இரண்டாம் பாதியில் என்றால், நடுவில் ஒரு வருஷம் இடைவெளி. மொழிப் பாடத்துக்கும் அதே கதி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 நிமிடம், 180 நாள்: 135 மணி நேரம். 90 நிமிடம், 90 நாள்: அதே 135. வெட்டும் இடம் மாறியது. பென்ஷனோடு வந்த அளவுகோல் அப்படியே இருக்கு. 90 நிமிடமும் வாத்தியாரே பேசினால், எந்த அட்டவணையா இருந்தா என்ன?