அறுபத்தாறாம் வினாவிலிருந்து: கத்தோலிக்கச் சமூகச் சிந்தனையைப் படிக்கும் வரிசை குறித்து

கத்தோலிக்கச் சமூகச் சிந்தனையைக் கற்க வருபவர் கையில் பெரும்பாலும் முதலில் தரப்படுவது, திருத்தந்தை 13ஆம் லியோ 1891 மே 15 அன்று வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல். அதன்பின் 1931, 1961, 1967, 1991 என ஆண்டு வரிசையில் மற்ற மடல்களைப் படித்துக்கொண்டே போவது வழக்கம். வசதியான வரிசைதான். ஆனால் சொத்துரிமை என்ற மையச் சிக்கலில் அது வாசகரைத் தடம் மாற்றிவிடுகிறது என்பதே என் வாதம். படிப்பு தொடங்க வேண்டிய இடம், புனித தோமா அக்குவினாவின் ‘இறையியல் தொகுப்பு’ நூலில் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியிலுள்ள 66ஆம் வினா.

களவையும் கொள்ளையையும் ஆராயும் வினா அது. அதன் இரண்டாம் பிரிவில் தோமா இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டுகிறார். பொருளை ஈட்டிப் பங்கிடும் அதிகாரம் ஒன்று. அதைத் துய்ப்பது மற்றொன்று. முன்னது தனியார் கையில் இருக்கலாம். தனக்கென இருப்பதை மனிதர் கூடுதல் அக்கறையோடு பேணுவர், யார் எதற்குப் பொறுப்பு என்ற ஒழுங்கு இருக்கும், பூசல் குறையும் என மூன்று காரணங்கள் சொல்கிறார். மூன்றும் நடைமுறைக் காரணங்களே. துய்ப்பிலோ, தன் பொருளைப் பொதுவானதாகவே கருதி, இல்லாதவரோடு தயங்காமல் பகிர வேண்டும். தனியுடைமையை இயற்கைச் சட்டம் நேரடியாக விதிக்கவில்லை. அச்சட்டத்துக்கு முரணாகாமல் மனித அறிவு அதனோடு சேர்த்த ஏற்பாடு அது என்றும் அங்கேயே விளக்குகிறார்.

ஏழாம் பிரிவு இன்னும் கூர்மையானது. வேறு வழியே இல்லாத, வெளிப்படையான, உடனடி நெருக்கடியில் ஒருவர் பிறர் பொருளை எடுத்துத் தன் தேவையைத் தீர்த்துக்கொண்டால், வெளிப்படையாக எடுத்தாலும் மறைவாக எடுத்தாலும் அது களவாகாது. அதே நிலையில் தவிக்கும் அயலாருக்காக எடுப்பதற்கும் இது பொருந்தும். மிகுதியாக வைத்திருப்பவரின் பொருள் இயற்கைச் சட்டப்படியே ஏழைகளைத் தாங்கக் கடன்பட்டது என்பதுதான் இதன் அடிப்படை.

இதைப் படித்த கையோடு ‘ரேரும் நோவாரும்’ மடலைத் திறந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். லியோவுக்குத் தனியுடைமை இயற்கை உரிமை. அரசு தோன்றுவதற்கு முன்பே மனிதருக்கு உரியது. உழைப்பவர் நிலத்தில் தம் ஆளுமையின் முத்திரையைப் பதிக்கிறார், ஆகவே நிலம் அவருடையது என்ற வாதம் தோமாவைவிட ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் லாக்குக்கே நெருக்கமாக ஒலிக்கிறது என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். மடலின் முதல் வரைவை எழுதியவர் இயேசு சபையின் மத்தேயோ லிபெராத்தோரே. அதைத் திருத்தி எழுதியவர்களுள் ஒருவர் தொமினிக்கன் சபைக் கர்தினால் சிலியாரா. இந்த வரைவுகள் 1957இல் அச்சில் வந்துவிட்டன. மடலை ஒரே மூச்சில் பிறந்த உரையாக இனி யாரும் படிக்க வேண்டியதில்லை.

லியோவுக்கு நியாயம் செய்யவும் வேண்டும். அவர் காக்க முனைந்தது பெருநிலக்கிழாரின் சொத்தை மட்டுமன்று. கூலியில் மிச்சம் பிடித்துத் துண்டு நிலம் வாங்கும் தொழிலாளிக்கு அந்த நிலம் கூலியின் இன்னொரு வடிவம், அதைப் பறிப்பது அவர் கூலியைப் பறிப்பதாகும் என்பதே அவருடைய முதன்மை வாதம். கூடுமானவரை அதிகம் பேர் உடைமையாளராக வேண்டும் என்றும் விரும்பினார். தோமாவின் இரண்டாம் பிரிவையும் மேற்கோள் காட்டுகிறார். ஆனால் மிகுதியைப் பகிர்வது, கடும் நெருக்கடி நேரம் தவிர, நீதியின் கடமையன்று. அன்பின் கடமை, அதைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது என்று எல்லை வகுத்துவிடுகிறார். 66ஆம் வினாவைப் படிக்காதவர் இந்த எல்லைதான் மரபின் முழுக் குரல் என்று எண்ணிக்கொள்வார். அனைவரும் தோமாவிடம் திரும்ப வேண்டும் என்று 1879இல் ‘ஏத்தெர்னி பாத்ரிஸ்’ மடலில் பணித்தவரும் இதே லியோதான். நான் சொல்லும் வரிசை அவர் அறிவுரைக்கு மாறானதன்று.

இடையில் ஒரு நூலைச் சேர்ப்பேன்: ஸ்பெயினின் சாலமாங்காவில் இறையியலாளர் பிரான்சிஸ்கோ தே விதோரியா 1539இல் அமெரிக்கப் பழங்குடிகள் குறித்து ஆற்றிய விரிவுரை. நம்பிக்கையின்மையோ பாவமோ ஒருவரின் உடைமையுரிமையை அழிக்காது என்று அவர் நிறுவினார். சொத்துரிமை இங்கே வலியவரிடமிருந்து எளியவரைக் காக்கும் அரணாகிறது. இந்தப் பக்கத்தையும் அறியாமல் தோமாவை மட்டும் படித்தால் தனியுடைமையை மிக லேசாக எடைபோட்டுவிடுவோம்.

11ஆம் பத்திநாதரின் ‘குவாத்ராஜெசிமோ ஆன்னோ’ (1931) உடைமைக்குத் தனிமனித முகமும் சமூக முகமும் உண்டு என்று சொல்லி, பொதுநன்மைக்காக அரசு அதன் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தலாம் என்றது. இதன் வரைவில் பெரும்பங்கு ஆற்றியவர் ஜெர்மானியரான ஓஸ்வால்ட் ஃபொன் நெல்-ப்ராய்னிங். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இன்றைய உலகில் திருச்சபை’ (1965), தோமாவின் ஏழாம் பிரிவின் கருத்தை வெளிப்படையாகவே மீட்டது. 1964 டிசம்பரில் பம்பாய்க்கு வந்து சென்ற திருத்தந்தை 6ஆம் பவுல், 1967இல் ‘பொப்புலோரும் ப்ரோக்ரெஸ்ஸியோ’ மடலில், சொத்துரிமையும் தடையற்ற வணிகமும் பொருள்கள் எல்லாருக்குமானவை என்ற நெறிக்குக் கீழ்ப்பட்டவை என்றார். பொதுநன்மைக்காகச் சில வேளை பெருநிலங்களைக் கையகப்படுத்தலாம் என்றும் எழுதினார். அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதை மார்க்சியத்தின் மறுபதிப்பாகச் சாடியது. 1891இலிருந்து கணக்குப் போட்டால் அப்படித்தான் தோன்றும். 13ஆம் நூற்றாண்டிலிருந்து படித்து வருபவருக்கோ அது பழைய நிலைப்பாடு.

தோமாவின் வாதம் வேளாண் சமூகத்துக்கு உரியது, ஆலைக்கும் சந்தைக்கும் பொருந்தாது என்று மறுப்போர் உண்டு. இந்த மறுப்பை எளிதில் தள்ள முடியாது. லியோ எதிர்கொண்ட கூலித் தொழிலாளியின் நிலை தோமாவின் கண்முன் இல்லை. நியாயக் கூலி பற்றி லியோவிடம்தான் கற்க வேண்டும். ஆனால் உடைமை, துய்ப்பு என்ற பிரிவினை நிலத்தோடு முடிந்துவிடவில்லை. 2ஆம் ஜான் பால் ‘செந்தேசிமுஸ் ஆன்னுஸ்’ (1991) மடலில், அறிவும் தொழில்நுட்பமும் செய்திறனும் நிலத்துக்குச் சளைக்காத புதுவகை உடைமையாகிவிட்டன என்று கணித்தார். 16ஆம் பெனடிக்ட் 2009இல் ‘காரித்தாஸ் இன் வெரித்தாத்தே’ மடலில், செல்வ நாடுகள் அறிவுச் சொத்துரிமையை, குறிப்பாக மருத்துவத் துறையில், அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பதைக் கண்டித்தார். காப்புரிமை பெற்ற மருந்து எட்டாத விலையில் இருக்க, அது இல்லாமல் உயிர்போகும் நிலையிலுள்ள நோயாளி ஏழாம் பிரிவு பேசும் அதே மனிதர்தான். அந்த மருந்தைக் காப்புரிமையாளரின் இசைவின்றியும் தயாரிக்க உரிமம் தரும் அரசு, அயலாருக்காக எடுப்பவரைப் பற்றித் தோமா சொன்ன விடைக்குள் அடங்கும் என்றே நான் கருதுகிறேன்.