ஹால்சாண்ட்ஸ்: அஞ்சலட்டையில் மிஞ்சிய ஊர்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் கடற்கரையில் ஹால்சாண்ட்ஸ் என்று ஒரு மீனவ கிராமம் இருந்தது. 37 வீடுகள், 'லண்டன் இன்' என்று ஒரு மதுக்கடை, நண்டு பிடிப்பதுதான் முக்கியத் தொழில். இன்று போனால் பாறை மேல் சில இடிந்த சுவர்களைத்தான் பார்க்கலாம். ஊர் எப்படி இருந்தது, எப்படிப் போனது என்பதைப் பழைய பட அஞ்சலட்டைகளில் பார்க்கலாம்.

அட்டை கையில் கிடைத்தால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள் (காசோலையைப் புரட்டிப் பார்க்கிற எங்கள் தொழில் புத்தி!). பிரிட்டனில் 1902க்கு முன்பு அந்தப் பக்கத்தில் முகவரி மட்டும்தான் எழுதலாம். சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். 1902ல்தான் நடுவில் கோடு போட்டு இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத அனுமதித்தார்கள். 1918 வரை தபால்தலை அரைப் பென்னி, பிறகு ஒரு பென்னி. ஒரு எச்சரிக்கை: அட்டைக்கு வயது சொல்லலாம், படத்துக்குச் சொல்ல முடியாது. பழைய படத்தையே பல வருஷம் அச்சடித்து விற்றிருக்கிறார்கள்.

படத்துக்கு வயது சொல்வது அதிலிருக்கும் கடற்கரை. பழைய படங்களில் வீடுகளுக்கு முன்னால் கூழாங்கல் மேடு அகலமாக இருக்கும், படகுகளை அதில் இழுத்துப் போட்டிருப்பார்கள். பிந்திய படங்களில் மேடு இறங்கிவிட்டது, அலை சுவரடியில் நிற்கிறது.

நடுவில் நடந்தது இதுதான். பிளிமத் அருகே கடற்படைத் துறைமுகத்தை விரிவாக்கக் கல்லும் மணலும் தேவைப்பட்டன. 1897ல் ஹால்சாண்ட்ஸ் பக்கத்துக் கடலடியில் அள்ள ஆரம்பித்தார்கள். அள்ளிய இடத்தைக் கடலே நிரப்பிவிடும் என்றார்கள். நிரப்பவில்லை. மேட்டில் இருந்த கல்தான் சரிந்து பள்ளத்துக்குப் போனது. ஊர்க்காரர்கள் முறையிட்டும் 1902 ஜனவரியில்தான் உரிமம் ரத்தானது. அதற்குள் சுமார் 6.5 லட்சம் டன் போயிருந்தது. மீனவர்களுக்கு வருஷா வருஷம் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். வங்கிக்காரன் கண்ணுக்கு இது முதலை எடுத்துக்கொண்டு வட்டி மாதிரி எதையோ கொடுத்த கணக்கு. அந்த மேடுதான் ஊரின் முதல்.

1917 ஜனவரி 26 இரவு, உயர் அலையோடு கிழக்குக் காற்றும் சேர்ந்து வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வசிக்கத் தகுந்ததாக மிஞ்சியது ஒரே ஒரு வீடு. அதன்பின் இடிபாடுகளையும் படம் பிடித்து அட்டையாக விற்றார்கள்!

ஊரைப் பார்க்க வந்த யாரோ அரைப் பென்னிக்கு அனுப்பிய அட்டை, ஊர் இழந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. ஊரை விட்டுத் தூரத்தில் இருக்கும் நம்மிடமும் தெரு, குளம், கோயில் வாசல் என்று பழைய படங்கள் இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் இடத்தையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.