பாஸ்புக் யாருக்காக? காகிதக் கணக்குக்குக் காசு கேட்கலாமா?

இந்த எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்க பணத்தோட கணக்கை உங்களுக்கே காகிதத்தில் கொடுக்க வங்கி காசு கேட்கலாமா?

ஆப் வச்சிருக்கிற பலருக்கு இது கேள்வியாவே தோணாது. மெயில்ல பிடிஎஃப் வருது, அப்புறம் எதுக்குக் காகிதம்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. அதில் பாதி, நம்மில் பலர் தினமும் போய்வரும் ரயில் பாதையிலேயே இருக்கிறது.

1931 மே மாதம் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பீச் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ராஜாஜி சாலை. அங்கேதான் அந்தக்கால மெட்ராஸ் பேங்கின் கட்டடம் இருக்கிறது, இப்போது ஸ்டேட் பேங்க். ரிசர்வ் வங்கி அலுவலகமும் இந்தியன் வங்கியின் பழைய தலைமை அலுவலகமும் அதே சாலையில்தான். அந்தப் பக்கம் வங்கிகள் என்றால் இந்தப் பக்கம் மக்கள். 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. விமானப்படைத் தளம், ரயில்வே, குரோம்பேட்டையின் தோல் தொழிற்சாலை, பிறகு 1980-களில் மெப்ஸ். இங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள், பிறகு பென்ஷன்காரர்கள். சேமிப்பு கொஞ்சம்தான், ஆனால் அதுதான் மொத்தமும்.

இவர்களுடைய கணக்கு எழுதியிருக்கும் லெட்ஜர் வங்கியிடம் இருக்கும். இவர்களிடம் இருக்கும் நகல்தான் பாஸ்புக். இந்தியாவில் இதைச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுபோனதில் பெரிய பங்கு 1882-ல் தொடங்கிய தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கிக்கு. பணத்தோடு புத்தகத்தையும் நீட்டணும். போஸ்ட்மாஸ்டர் தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி முத்திரை குத்தித் திருப்பித் தருவார். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் கைமாறிக்கொண்டே இருப்பதால்தான் அதற்குப் பாஸ்புக் என்று பெயர்.

நகல் ஏன் முக்கியம்? 1906 அக்டோபர் 22 அன்று மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. ஊரிலேயே பெரிய பெயர். ஆயிரக்கணக்கானவர்களின் பணம் அதில் மாட்டிக்கொண்டது. அதன் முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். அந்த அதிர்ச்சியில்தான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முயற்சி எடுத்து, 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி தொடங்கியது. பெரிய பெயர் மட்டும் ஒரு பாதுகாப்பு இல்லை என்பதை இந்த ஊர் அப்போதே கற்றுக்கொண்டது. லெட்ஜர் அவர்கள் கையில். என் பணம் இவ்வளவு என்று சொல்ல என் கையில் என்ன இருக்கு? அதுதான் விஷயம்.

சட்டமும் வங்கி எழுதி வைத்த கணக்கையே நம்புகிறது. 1891-ல் வந்த வங்கிக் கணக்கேடுகள் சாட்சியச் சட்டத்தின்படி, வங்கி சான்றளித்துக் கொடுக்கும் நகல் கோர்ட்டில் முதல்நிலைச் சாட்சியம். அதாவது தகராறு வந்தால் எதிர்த்தரப்பின் நோட்டுதான் ஆதாரம். அதில் தப்பு இருக்குன்னு சொல்லணும்னா, நம்ம கையிலும் ஒரு நோட்டு வேணும் இல்லையா?

இப்போது கட்டணத்துக்கு வருவோம். 1999 வரை வங்கிகளின் சேவைக் கட்டணங்களுக்கு இந்திய வங்கிகள் சங்கம் ஒரு பொது அளவு வைத்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆனது. சில வங்கிகள் பாஸ்புக் கொடுப்பதையே நிறுத்தி, ஸ்டேட்மென்ட் மட்டும் போதும் என்றன.

2006 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. சேவிங்ஸ் அக்கவுன்ட் வைத்திருக்கும் எல்லாத் தனிநபருக்கும் பாஸ்புக் வசதி கட்டாயம் தர வேண்டும். அவரே ஸ்டேட்மென்ட்தான் வேண்டும் என்றால் மாதாமாதம் தர வேண்டும். எதைத் தந்தாலும் அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது.

சொன்ன காரணங்கள்தான் எனக்குப் பிடித்தவை. ஸ்டேட்மென்ட்டுகளைக் கோத்து வைக்கணும், முந்தினதோட மீதித் தொகையை ஒத்துப் பார்க்கணும், தபாலில் தொலையும், நகல் வாங்கச் செலவும் அலைச்சலும் ஆகும், சின்ன வாடிக்கையாளர்கள் பலரிடம் கம்ப்யூட்டரோ இன்டர்நெட்டோ கிடையாது. அவர்களுக்குப் பாஸ்புக் மறுத்தால், அது மறைமுகமாக அவர்களை வங்கியை விட்டே தள்ளுவதாகும் என்று ரிசர்வ் வங்கி எழுதியது.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா? இல்ல. பணம் கேட்க மூன்று வழி மிச்சமிருந்தது.

முதலாவது, 'இலவச ஸ்டேட்மென்ட்' என்றால் மெயிலில் வருவது என்று சில வங்கிகள் எடுத்துக்கொண்டன. காகிதத்தில் கேட்டால் கட்டணம். இரண்டாவது, பாஸ்புக் தொலைந்தால் டூப்ளிகேட்டுக்குக் கட்டணம். மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த 2006 விதி தனிநபர் சேவிங்ஸ் கணக்குக்குத்தான். தாம்பரம் மார்க்கெட்டில் கரன்ட் அக்கவுன்ட் வைத்திருக்கும் காய்கறிக் கடைக்காரருக்கு அது பொருந்தாது. லோன் கேட்கப் போனால் முதலில் கேட்பதே அவருடைய ஸ்டேட்மென்ட்டைத்தான்.

வங்கிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2016-ல் யூபிஐ வந்த பிறகு ஒரு டீக்கடைக் கணக்கில் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் என்று வரிவரியாக என்ட்ரி விழுகிறது. அதை எல்லாம் அச்சடித்தால் ஒரு பாஸ்புக் எத்தனை நாள் தாங்கும்? பேப்பர், மிஷின், ஆள் எல்லாம் செலவுதான்.

காகிதம் அழியும் என்பதும் உண்மை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கினபோது எத்தனையோ வீடுகளில் பீரோவோடு ஆவணங்களும் போயின. நகல் சான்றிதழ்களைக் கட்டணம் இல்லாமல் கொடுக்க அரசு சிறப்பு முகாம் நடத்தியது. அன்றைக்கு வங்கிக் கம்ப்யூட்டரில் கணக்கு பத்திரமாக இருந்தது ஆறுதல். அதே நேரம், டூப்ளிகேட் கேட்டு வருகிற எல்லாருமே அலட்சியத்தால் தொலைத்தவர்கள் இல்லை என்பதையும் அந்த வெள்ளம் காட்டியது.

ஆக, காகிதமா டிஜிட்டலா என்பது இங்கே பெரிய கேள்வி இல்லை. கணக்கைப் பார்க்க முடியாதவர் என்ன இழக்கிறார் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு முக்கியமான விதி கொண்டுவந்தது. நமக்குத் தெரியாமல், வங்கியின் தவறோ நம் தவறோ இல்லாமல், யாரோ கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட்டால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் நமக்கு நஷ்டம் பூஜ்யம். நாலிலிருந்து ஏழு நாள் ஆனால், ஒரு வரம்பு வரை நஷ்டம் நம்முடையது. அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

யோசிச்சுப் பாருங்க. இந்தப் பாதுகாப்பு முழுக்க, நீங்க கணக்கை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறீங்க என்பதில் நிற்கிறது. ஸ்மார்ட்போன் இருக்கிறவருக்கு அது இரண்டு நொடி. எஸ்எம்எஸ் படிக்கத் தெரியாத, பேரன் வந்தால்தான் போனைத் திறந்து காட்டச் சொல்லும் ஒரு பாட்டிக்கு, கிளைக்குப் போய் என்ட்ரி போட்டால்தான் கணக்கே தெரியும். அந்தப் பார்வைக்கு விலை வைத்தால், அவருடைய பாதுகாப்புக்கே விலை வைத்த மாதிரி. கட்டணம் நூறு ரூபாயாக இருக்கலாம். அதை மிச்சம் பிடிக்கப் போய் அவர் இழப்பது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

சின்னத் தொகைதானே என்ற வாதமும் எடுபடாது. 2017 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எட்டே மாதத்தில், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ஸ்டேட் பேங்க் வசூலித்த அபராதம் 1,771 கோடி ரூபாய். கையில் குறைவாக இருந்தவர்கள் கட்டிய பணம் அது. நாடு முழுக்க எதிர்ப்பு வந்தது. முதலில் அபராதத்தைக் குறைத்தார்கள், 2020 மார்ச்சில் நிபந்தனையையே கைவிட்டார்கள். கட்டணம் விதி இல்லை, மனிதர்கள் எடுக்கும் முடிவு. மாற்றவும் முடியும்.

என் கருத்து இதுதான். எல்லாவற்றையும் என்றென்றைக்கும் இலவசமாகக் கொடு என்று நான் சொல்லவில்லை. ஐந்து வருஷப் பழைய கணக்கை மூணாவது தடவை கேட்டால் நியாயமான கட்டணம் வாங்கட்டும். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நகல், வாடிக்கையாளர் படிக்கக்கூடிய வடிவத்தில், இலவசமாகக் கிடைக்கணும். அது காகிதமா மெயிலா என்பதை அவர் முடிவு செய்யணும், வங்கி அல்ல. அந்த உரிமை சின்னக் கடைக்காரரின் கரன்ட் அக்கவுன்ட்டுக்கும் வரணும். வெள்ளம், தீ போன்றவற்றில் போன பாஸ்புக்குக்கு டூப்ளிகேட் கட்டணமே இருக்கக்கூடாது.

கேட்கிற நீங்க செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. இந்த வாரம் வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி பாஸ்புக்கை எடுத்துப் பாருங்க. கடைசி என்ட்ரி எப்போ? சேவிங்ஸ் கணக்குக்குப் பாஸ்புக் தர மறுத்தாலோ அதற்குக் காசு பிடித்தாலோ, முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் பதில் வரலைன்னாலும், வந்த பதில் திருப்தி இல்லைன்னாலும், ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448-க்குப் போன் பண்ணலாம்.

பீச் பக்கம் லெட்ஜர் எழுதுறவங்க எழுதட்டும். தாம்பரம் பக்கமும் அதே கணக்கு ஒரு பிரதி இருக்கட்டும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.