பழைய படகுக்கு எந்தப் பொறி?

குமரி மாவட்டக் கடற்கரைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். கரையேறிய வள்ளத்தின் பின்புறத்திலிருந்து எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து போவார் ஒருவர். படகு மணலில் கிடக்கும். எஞ்சின் பத்திரமான இடத்துக்குப் போய்விடும். இவ்வாறு படகு வேறு, பொறி வேறு என்று பிரிக்க முடிந்ததற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

அந்த வரலாறு வெறும் பழங்கதை அன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுப் பழமையுள்ள சிறு மரப்படகுகளைப் பேணி வருவோர் பலர். படகின் பழைய எஞ்சின் ஓய்ந்துவிட்டால் அவர்கள் முன் மூன்று வழிகள் நிற்கின்றன. அதையே செப்பனிடுவதா? புதிய பெட்ரோல் எஞ்சினைப் பொருத்துவதா? மின்மோட்டார் வைப்பதா? தவறான விடை பணத்தை மட்டுமா விழுங்கும்? படகையே விழுங்கிவிடக்கூடும். சரியான விடைக்கு நாம் 19-ஆம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும்.

நீராவிக்கு ஒரு மாற்று

முதலில் வந்தது நீராவிப் பொறி. பெரிய கப்பலுக்கு அது பொருந்தியது. சிறு படகுக்கோ பெரும் சுமையாயிற்று. கொதிகலனின் எடை ஒருபுறம். நீராவி உண்டாகும்வரை காத்திருத்தல் மறுபுறம். அமெரிக்காவில் சட்டமும் குறுக்கிட்டது. கொதிகலன்கள் வெடித்துப் பலர் மாண்டதால், நீராவிப் படகை உரிமம் பெற்ற பொறியாளரே இயக்கவேண்டும் என்று விதித்தார்கள்.

1880-களின் நடுவில் நியூயார்க்கில் ஒரு மாற்று தோன்றியது. கொதிகலனில் தண்ணீருக்குப் பதில் நாப்தாவைக் காய்ச்சினார்கள்! அதன் ஆவி பொறியை இயக்கியபின், படகுக்கு அடியில் ஓடும் குழாய்களில் குளிர்ந்து மீண்டும் திரவமாகித் தொட்டிக்குத் திரும்பும். அடுப்பில் எரிந்ததும் அதே நாப்தாதான். சட்டம் நீராவியைப் பற்றித்தான் பேசியது. நாப்தாவைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே உரிமையாளரே படகை ஓட்டலாம். பெட்ரோலின் உறவான ஒரு திரவத்தைத் தீயின்மேல் வைத்துக் காய்ச்சுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மின்சாரம் முந்திக்கொண்டது

பெட்ரோல் படகு முதலில் வந்தது, மின்படகு இக்காலப் புதுமை என்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. 1881-இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் குஸ்தாவ் துருவே என்னும் பிரெஞ்சுக்காரர் ஏறத்தாழ 5 மீட்டர் நீளப் படகை மின்மோட்டாரால் ஓட்டிக் காட்டினார். அவருடைய மோட்டார் சுக்கானோடு இணைந்தது, கழற்றி எடுக்கக்கூடியது. நாம் தொடக்கத்தில் கண்ட எஞ்சினின் மூதாதை என்றே அதைச் சொல்லலாம்.

1893-இல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் 50-க்கும் மேற்பட்ட மின்படகுகள் பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்களை ஏற்றிச் சென்றன. புகை இல்லை, இரைச்சல் இல்லை. பின் ஏன் மின்படகு மறைந்தது?

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். ஒரு கிலோகிராம் பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் உள்ளது. எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே பயன்படுத்தினாலும் 2.4 யூனிட் கிடைக்கும். அதே அளவு ஆற்றலைச் சேமிக்க இன்றைய காரீய மின்கலங்களில்கூட 60 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். அன்றைய மின்கலங்கள் இவற்றினும் நலிந்தவை. மேலும், ஆற்றங்கரையில் எங்கே மின்னேற்றுவது?

டைம்லரின் தந்திரம்

1886-இல் ஜெர்மனியின் நெக்கர் ஆற்றில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய 4.5 மீட்டர் படகை ஓட்டினார்கள். பெட்ரோல் வெடித்துவிடும் என்று மக்கள் அஞ்சினர். எனவே டைம்லர், படகு மின்சாரத்தால் ஓடுவதுபோல் ஒரு தோற்றத்தை உண்டாக்கினார் என்பர்.

அந்த அச்சம் மடமையா? இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. எனவே அது கீழே இறங்கும். மோட்டார் காரில் கசியும் ஆவி தரைக்கு இறங்கிக் கலைந்துவிடும். படகின் உடலோ ஒரு கிண்ணம். ஆவி அதன் அடியில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். ஆகவேதான், எஞ்சினை உள்ளே கொண்ட பெட்ரோல் படகுகளில், இயக்குவதற்கு முன் குறைந்தது நான்கு நிமிடங்கள் விசிறியை ஓட்டி ஆவியை வெளியேற்றச் சொல்கிறார்கள். பழைய படகு வைத்திருப்பவர் மறக்கக்கூடாத முதல் பாடம் இது.

பின்புறத்தில் தொங்கிய எஞ்சின்

எஞ்சினைப் படகுக்கு வெளியே தொங்கவிட்டால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். அமெரிக்காவில் கேமரூன் வாட்டர்மன் இவ்வகை எஞ்சின்களைச் செய்து விற்றார். அதைப் பரவலாக்கியவர் நார்வேயில் பிறந்து மில்வாக்கியில் வாழ்ந்த ஓலே ஈவின்ரூட். காதலிக்காக ஐஸ்கிரீம் வாங்க ஏரியில் துடுப்பு வலித்துச் சென்று, திரும்புவதற்குள் அது உருகிப்போனதால் அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்றொரு கதை உண்டு. 1909-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சினின் திறன் 1.5 குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, விலை 62 டாலர்.

இந்த இருவீச்சு எஞ்சின்கள் எளிமையானவை. ஆனால் எரிபொருளில் ஏறத்தாழ கால் பங்கை எரிக்காமலே தண்ணீரிலும் காற்றிலும் கலந்துவிட்டன. 1996-இல் அமெரிக்க அரசு கடுமையான மாசு விதிகளை வகுத்தது. 2020-இல் ஈவின்ரூட் எஞ்சின்களின் உற்பத்தியும் நின்றது.

படகே விடை சொல்லும்

இனி நம் கேள்விக்கு வருவோம். நீரைப் பிளந்து மெல்லச் செல்லும் படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் 16 அடி நீளமுள்ள படகு மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது, தானே எழுப்பிய அலையின்மேல் ஏற வேண்டியதாகிறது. அதன்பின் குதிரைத்திறனைக் கூட்டினால் அலைதான் பெருகும். வேகம் அதிகம் கூடாது. 1920-களின் விரைவுப் படகுகளோ நீரின்மேல் சறுக்கிச் செல்பவை. அவற்றுக்குப் பெருந்திறன் வேண்டும். முதல் உலகப் போரில் மிஞ்சிய 90 குதிரைத்திறன் கர்ட்டிஸ் விமான எஞ்சின்களைக்கூட அவற்றில் பொருத்தினார்கள்.

எனவே விரைவுப் படகுக்குப் பெட்ரோல் எஞ்சினே பொருந்தும். பழைய மென்னடைப் படகுக்குச் சில குதிரைத்திறனே போதும். அங்கே மின்மோட்டார் நன்கு ஈடுகொடுக்கும். இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கனத்த இரும்பு எஞ்சினை எடுத்துவிட்டால் படகு உயர்ந்து, நிலை தடுமாறும். அந்த எடையை ஈடுசெய்யக் காரீய மின்கலங்களே உதவுகின்றன. அன்று மின்படகை வீழ்த்திய குறை இன்று அதற்குத் துணையாகிறது!

எதைப் பொருத்தினாலும், பழைய எஞ்சின் அமர்ந்திருந்த மரத்தாங்கிகளை வெட்டக்கூடாது. எஞ்சினுக்கு எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்த வேண்டும். நாளை ஒருவர் அதை மீண்டும் அதே இடத்தில் பூட்டிப் பார்க்க விரும்பலாம். அந்த வழியை நாம் அடைத்துவிடலாகாது.