தண்டியின் சரித்திரம்

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலையில், மேலைக்கோயில் என்னும் குடைவரையை அடுத்த பாறைச் சரிவில், ஏழு பகுதிகளாக 38 வரிகளில் பல்லவ கிரந்த லிபியில் வெட்டப்பட்டிருக்கும் 7ஆம் நூற்றாண்டுச் சங்கீத சாசனத்தைக் காண்போர், ஒரே ஸ்வரம் ச, சி, சு, செ என உயிர் மாறி மாறி, நான்கு நான்கு எழுத்துகளாக அணிவகுத்து நிற்பதைக் கண்டு வியப்பர். ருத்ராசாரியரின் சிஷ்யனான ஓர் அரசன் இதனை இயற்றினான் என்று சாசனமே கூறுகிறது. அவன் மகேந்திரவர்ம பல்லவனே என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்ததைப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் ஏற்கவில்லை. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்னும் பொருளில் இறுதியிலுள்ள தமிழ்க் குறிப்பு, எட்டு நரம்பும் ஏழு நரம்பும் கொண்ட வீணைகளைச் சுட்டுவதாக அறிஞர் உரைப்பர். அண்மையிலுள்ள திருமயம் குடைவரையில் பொறித்த 'பரிவாதினி' என்னும் பெயரும், அமரகோசத்தின்படி, ஏழு தந்திகளுடைய வீணைக்கே உரியது.

பழங்காலத்தில் வீணை என்ற பெயரால் வழங்கிய வாத்தியங்களுள் வில்போல் வளைந்தவையும் இருந்தன என்பதற்குச் சமுத்திரகுப்தனின் பொற்காசே சான்று. அத்தகைய வாத்தியத்தில் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். விரலால் அழுத்த மெட்டும் இல்லை, மெட்டைத் தாங்கும் நீண்ட கழுத்தாகிய தண்டியும் இல்லை. ஒரே தந்தியிலிருந்து பல ஸ்வரங்களைப் பெறும் உபாயம் தண்டியோடு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் நிலைபெற்று, எல்லா ராகங்களையும் ஒரே வீணையில் வாசிக்க வழி பிறந்தது என்பது மரபு.

தஞ்சாவூர் வீணையின் மெட்டுகள் தண்டியில் நேரே பதிக்கப்படுவதில்லை. தேன்மெழுகோடு கரித்தூள் முதலியன சேர்த்துக் காய்ச்சித் தண்டியின் இருமருங்கும் சட்டமாக வார்த்து, வெண்கல மெட்டுகளை அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்து, தந்தியை மீட்டிச் செவியால் சுருதி தேர்ந்து, சற்றே முன்னும் பின்னும் நகர்த்தி நிலைநிறுத்துவதை மேளம் கட்டுதல் என்பர். ஆண்டுகள் செல்லச் செல்ல மெட்டுகள் தேய்ந்தோ மெழுகு இளகியோ சுருதி பிசகுமாயின், பழைய மெழுகைச் சுரண்டியெடுத்து மறுபடி மேளம் கட்டுவார்களேயன்றித் தண்டியை மாற்றுவதில்லை; ஒலிக்குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையில் அதற்கு இடமே கிடையாது.

1950இல் அமெரிக்காவில் லியோ பெண்டர் வெளியிட்ட மின்கிதார் வேறு வழியைத் தேர்ந்தது. அதன் கழுத்து நான்கு திருகுகளால் உடலோடு பிணைக்கப்பட்டது. உலோக மெட்டுகள் கணக்கிட்ட இடங்களில் அறுத்த பள்ளங்களில் இறுக்கப்பட்டன. மெட்டு தேய்ந்தாலோ மரம் வளைந்தாலோ, கம்பிகளைத் தளர்த்தித் திருகுகளைக் கழற்றிப் புதிய கழுத்தைப் பொருத்திவிடலாம். ஆனால் அதன் மெட்டுகள் எந்தக் கம்பி நீளத்துக்குக் கணக்கிடப்பட்டனவோ அந்த நீளம், உடலில் கம்பிகளைத் தாங்கும் குதிரையின் இடத்தோடு ஒத்திராவிடில், எவ்வளவு முறுக்கினாலும் மெட்டுக்கு மெட்டு சுருதி பொய்க்கும்.

தேய்வு இரண்டிலும் உண்டு, பரிகாரத்தில்தான் பேதம். கிதாரில் சுருதியின் பிரமாணம் தொழிற்சாலையின் கணக்கில் உள்ளது. ஆதலால் உறுப்பை மாற்றுவது எவர்க்கும் எளிது. வீணையிலோ அந்தப் பிரமாணம் மேளம் கட்டுகிறவரின் செவியில் உள்ளது. ஆதலால் மரத்தினும் மெழுகினும் அவர் பயிற்சியே காக்கப்பட வேண்டியது.