மணலில் உருண்ட சக்கரங்கள்

உழைத்துக் காட்டு, உரிமை உன்னைத் தேடி வரும். திறமையை மெய்ப்பித்துக் காட்டு, இழிவு தானே தொலையும்! தாழ்த்தப்பட்டவனை நோக்கி மேட்டுக்குடி வழங்குகிற அறிவுரை இது. எல்லா நாட்டிலும் வழங்கப்படுகிறது. எல்லாக் காலத்திலும் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. கேட்பதற்கு இனிய மொழிதான். ஆனால் மெய்யா? வரலாற்றைக் கேட்டால் விடை கிடைக்கும். அமெரிக்க நாட்டிலே, 1897-ஆம் ஆண்டிலே, இருபது கருப்பினப் படைவீரர்கள் மிதிவண்டி ஏறிச் சென்ற ஒரு நெடும்பயணம் அந்த விடையைச் சொல்லுகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் ஓய்ந்தது. அடிமைத் தளை அறுபட்டது. அடுத்த ஆண்டே கருப்பினத்தவர்க்கெனத் தனிப் படைப்பிரிவுகளை அமைத்தது அரசு. களத்திலே நின்று போரிடக் கருப்பர்; கட்டளையிட, பெரும்பாலும் வெள்ளையர்! இப்படி அமைந்த படைகளுள் ஒன்று 25-ஆம் காலாட்படை. அதன் ஒரு பகுதி மேற்கே மான்டானா மாநிலத்தில், மிசூலா கோட்டையிலே தங்கியிருந்தது. அங்கிருந்த ஜேம்ஸ் மாஸ் என்ற இளம் வெள்ளை அதிகாரியின் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. குதிரைக்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், கனைத்துக் காட்டிக் கொடுக்கும், நோய்வாய்ப்பட்டு வீழும். மிதிவண்டிக்கு இந்தத் தொல்லை ஏது? படை நடத்த அது பயன்படாதா? 1896-இல் எட்டு வீரர்களோடு எல்லோஸ்டோன் பூங்கா வரை சென்று திரும்பினார் மாஸ். மறு ஆண்டு, பெருஞ்சோதனை! மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் நகர் வரை, ஏறத்தாழ 1,900 மைல்!

1897 ஜூன் 14-ஆம் நாள் காலை படை புறப்பட்டது. வீரர்கள் இருபதின்மர், மாஸ், படை மருத்துவர் ஒருவர், செய்தித்தாள் நிருபர் ஒருவர். ஆக 23 பேர். ஒவ்வொரு வண்டியிலும் கம்பளி, கூடாரத் துணி, உணவு, ஏனம். வீரனிடம் துப்பாக்கியும் 50 தோட்டாக்களும். சுமையேற்றிய வண்டி ஏறத்தாழ 60 ராத்தல் கனத்தது. பழுது பார்க்கும் பொறுப்பு ஜான் ஃபின்ட்லி என்ற வீரருடையது. வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர் சார்ஜன்ட் மிங்கோ சாண்டர்ஸ். நாற்பதை நெருங்கிய வயது; ஒரு கண்ணின் பார்வை பழுதுபட்டவர். ஆயினும் அந்த அணியின் முதுகெலும்பு அவரே.

மழை அவர்களை வரவேற்றது. மான்டானாவின் களிமண் சக்கரத்தைக் கவ்விப் பிடித்தது. சில அடி உருட்டுவது, நிறுத்துவது, மண்ணைச் சுரண்டுவது, மறுபடி உருட்டுவது! மலைக் கணவாயிலே பனி. அந்த மலையும் மழையும் தாண்டி, ஜூலைத் திங்களின் தொடக்கத்திலே நெப்ராஸ்கா மாநிலத்தின் மணற்குன்றுகளுக்குள் நுழைந்தது படை. அங்கே கழிந்த ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

விடிவதற்கு முன்பே எழ வேண்டும்; வெயில் ஏறிவிட்டால் பயணம் இல்லை. எங்கு நோக்கினும் மணல். சக்கரம் புதைகிறது, மிதித்தால் நகரவில்லை. எனவே இறங்கித் தள்ளுகிறார்கள். பாதை என்று பெயர் பெற்றது பயன்படாதபோது, புகைவண்டித் தண்டவாளத்தின் மீதேறி, குறுக்குக் கட்டைகள் வழியே வண்டியை உருட்டுகிறார்கள். கட்டைக்குக் கட்டை ஓர் உலுக்கல், உடம்பெல்லாம் வலி. வெப்பமோ 100 பாகைக்கு மேல்! தாகம் தீர்க்கக் கிடைப்பது உவர்நீர். குடித்தால் வயிற்றைக் கலக்கும். மாஸே நோயுற்றுப் படுத்தார். நின்று இளைப்பாறலாம் என்றாலோ, உணவு காத்திராது. ஏறக்குறைய நூறு மைலுக்கு ஓரிடமாக முன்கூட்டியே உணவுப் பொருள்கள் அனுப்பப்பட்டிருந்தன. கையிலிருப்பது இரண்டு நாளுக்கு மட்டுமே. கால் தளர்ந்தால் வயிறு காயும். இந்தக் கணக்கிலே, 170 மைல் மணற்பரப்பை நாலரை நாளில் கடந்தார்கள் அந்த வீரர்கள்.

எல்லா மனிதரும் நிகராகவே படைக்கப்பட்டனர் என்று பறைசாற்றிய நாளை அமெரிக்கா ஆண்டுதோறும் ஜூலை 4-இல் கொண்டாடுகிறது. அந்தக் கொண்டாட்டம் நடந்த வாரத்திலேதான் இந்த வீரர்கள் மணலிலே வண்டி தள்ளினார்கள். அவர்கள் கால் பதித்த தண்டவாளத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. வெள்ளையர்க்கு ஒரு பெட்டி, கருப்பர்க்கு வேறு பெட்டி என்று புகைவண்டியிலே பிரித்து வைக்கும் லூசியானா மாநிலச் சட்டம் செல்லும் என்று, 1896 மே 18-ஆம் நாள், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஓராண்டுதான் கடந்திருந்தது! சரி, மிதிவண்டியாவது மனிதனை மனிதனாக மதித்ததா? அமெரிக்க மிதிவண்டியாளர் சங்கம் 1894-இலேயே கருப்பரை உறுப்பினராகச் சேர்க்கலாகாது என்று விதி இயற்றிவிட்டது. அந்த விதியை முறைப்படி விலக்க 1999 வரை ஆயிற்று. இருசக்கரத்துக்கு நிறம் தெரியாது. ஏறியவர்களின் நெஞ்சுக்குத் தெரிந்தது!

ஜூலை 24-ஆம் நாள் படை செயின்ட் லூயிஸ் நகரை அடைந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு வரவேற்றனர். மொத்தம் 41 நாள். உண்மையாகப் பயணம் செய்தது 34 நாள். நாளொன்றுக்குச் சராசரி 56 மைல். காலாட்படை, குதிரைப்படை இரண்டையும்விட இருமடங்கு விரைவு, செலவோ மூன்றில் ஒரு பங்கு என்றார் மாஸ். திறமை மெய்ப்பிக்கப்பட்டது, ஐயத்துக்கு இடமே இல்லாமல் மெய்ப்பிக்கப்பட்டது.

பிறகு நடந்தது என்ன? வீரர்கள் புகைவண்டியில் திருப்பி அனுப்பப்பட்டனர். மிதிவண்டிப் படை கலைந்தது. 1898-இல் ஸ்பெயினோடு போர் மூண்டது. கியூபாவில் எல் கேனி களத்திலே 25-ஆம் படை குருதி சிந்தியது. சாண்டர்ஸும் கியூபாவிலே போரிட்டார். திறமைக்குச் சான்று தந்தாயிற்று, வீரத்துக்கும் தந்தாயிற்று. உரிமை தேடி வந்ததா?

1906 ஆகஸ்டு 13 இரவு, டெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் ஊரிலே துப்பாக்கி வெடித்தது; ஒருவர் இறந்தார். பழி அங்கிருந்த 25-ஆம் படையின் மீது விழுந்தது. வீரர்கள் பாசறையிலே இருந்தனர் என்று வெள்ளை அதிகாரிகளே கூறினர். விசாரணை மன்றம் கூடி எவனையும் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. ஆயினும் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 வீரர்களை ஒரே ஆணையால் மதிப்பிழக்கச் செய்து விலக்கினார். அவர்களில் ஒருவர் மிங்கோ சாண்டர்ஸ்! 25 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். ஓய்வூதியத்தை நெருங்கி நின்றவர். வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டார். 1929-இல் மறைந்தார், பழி நீங்காமலே.

அந்தப் பழியை இராணுவம் துடைத்தது 1972-இல். 66 ஆண்டுகள் கழித்து! உயிரோடிருந்த முதியவர் ஒருவருக்குப் பின்னர் 25,000 டாலர் தரப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சாண்டர்ஸின் திறமையா கூடிற்று? இறந்தவனுக்குத் திறமை ஏது! கூடியது மக்களின் போராட்டம். பேருந்தைப் புறக்கணித்து நடந்த கால்கள், சிறைக்கு அஞ்சாத இளைஞர்கள், 1964-இன் குடியுரிமைச் சட்டம், 1965-இன் வாக்குரிமைச் சட்டம்: இவைதாம் அந்த மூடிய ஏட்டைத் திறக்க வைத்தன.

'தகுதி', 'திறமை' என்னும் இரு சொற்களைக் கேடயமாகப் பிடித்து வகுப்புரிமையை எதிர்த்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு. 1950-இல் வகுப்புவாரி ஆணை சென்னை உயர்நீதிமன்றத்திலே வீழ்ந்தது. 1951-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிற்று. கிளர்ந்தெழுந்தது தமிழகம். அந்த ஆண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. கெஞ்சியவர்க்குக் கிடைத்ததல்ல அது, கேட்டவர்க்குக் கிடைத்தது.

திறமை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். மணலிலே வண்டி தள்ளிய அந்த இருபது பேரின் உறுதியை எவரும் வணங்கலாம். ஆனால் திறமையைக் காட்டிவிட்டு வாயிலிலே காத்து நிற்பவனுக்குக் கதவு தானாகத் திறப்பதில்லை. உரிமை, நல்லொழுக்கத்துக்குத் தரப்படும் பரிசு அன்று. மனிதனாகப் பிறந்தவனின் உடைமை. பறிகொடுத்த உடைமையைச் சான்றிதழ் காட்டிப் பெற முடியாது, தோழர்களே; அணி திரண்டுதான் மீட்க வேண்டும்!