பிளேக் பிடித்த புனேயில் இரண்டு பெண்கள்

1897 பிளேக் என்று புனேக்காரர்களிடம் பேச்செடுத்தால் உடனே வருகிற பெயர்கள் ராண்ட், சாபேகர் சகோதரர்கள், திலகர். தப்பில்லை, பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கு. ஆனால் நர்ஸ் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து சேர்ந்த எனக்கு வேறு கேள்வி. அப்போ நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தது யார்? அங்கே கண்டதை வெளியே சொன்னது யார்?

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். 1896-ல் பம்பாயில் பரவிய பிளேக் சில மாதங்களில் புனேக்கும் வந்தது. 1897 பிப்ரவரியில் அவசரமாகத் தொற்றுநோய்ச் சட்டம் போட்டார்கள். மொத்தமே நான்கு பிரிவுகள். நோயைத் தடுக்கத் தேவை என்று அரசு நினைக்கிற எந்த விதியையும் போடலாம். நல்லெண்ணத்தோடு அதைச் செய்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. மார்ச்சில் ராண்ட் தலைமையில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். காய்ச்சல் கண்டவரைத் தூக்கிப் போவது, சாமான்களை எரிப்பது, பெண்களைச் சோதிப்பது... ஊரே கொதித்தது.

அதே சமயம் ஊருக்கு வெளியே, ஹடப்சர் பக்கம், சாவித்ரிபாய் புலேயும் அவருடைய வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தும் ஒரு சிகிச்சை இடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். முண்ட்வாவில் மகர் குடியிருப்பில் ஒரு பையனுக்குப் பிளேக். 66 வயது சாவித்ரிபாய் அவனை முதுகில் சுமந்து கொண்டு வந்து சேர்த்தார். பையன் பிழைத்தான். தொற்று ஒட்டிக்கொண்ட சாவித்ரிபாய் மார்ச் 10-ம் தேதி இறந்து போனார். பெண் கல்விக்காக மட்டுமே நாம் படித்த பெயர் இது. ஒரு தொற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி மாதம் வேறு மாதிரி புரியும்.

இன்னொருவர் பண்டித ரமாபாய். 1870களின் பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர், புனேயில் சாரதா சதன் நடத்தியவர். பிளேக் ஆஸ்பத்திரியில் பெண்களை நடத்திய விதத்தை எழுதி 'பாம்பே கார்டியன்' பத்திரிகைக்கு அனுப்பினார். விஷயம் லண்டன் பார்லிமென்ட் வரை போனது. கவர்னர் சாண்ட்ஹர்ஸ்ட் அதை மறுத்தார். ரமாபாயின் நிலையையும் பாருங்கள்: மதம் மாறியவர், சாரதா சதனை மதம் மாற்றும் இடம் என்று 'கேசரி' ஏற்கெனவே சாடியிருந்தது. உள்ளூரில் ஆதரவு குறைவு, ஆங்கிலேயருக்கும் எரிச்சல். இருந்தும் எழுதினார். இருவருமே பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இல்லை. ஆனால் வார்டில் பார்த்ததை மேலே கொண்டு போவதும் நம் வேலையின் பாதி என்று நினைக்கிறவள் நான். அந்தக் கணக்கில் ரமாபாய் எனக்கு சீனியர் :-)

ஜூன் 22 ராத்திரி, கணேஷ்கிண்ட் கவர்னர் மாளிகையில் விக்டோரியா ராணியின் வைர விழா முடிந்து திரும்பிய ராண்டைச் சுட்டார்கள். அந்த மாளிகைதான் இன்றைக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான கட்டடம். 2014-லிருந்து பெயர் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம்! அந்த வழியாகப் போகிறவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை.

அடுத்த சில வருஷங்களில் அரசே கட்டாயப்படுத்துவதைக் குறைத்துக்கொண்டது. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது, மகாராஷ்டிராவின் முதல் நோயாளிகளை இதே புனேயில் கண்டுபிடித்தபோது, அதைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த ஏப்ரலில் ஒரு திருத்தம் வந்தது: நர்ஸ், டாக்டர் போன்றவர்களைத் தாக்கிப் பலத்த காயம் உண்டாக்கினால் ஏழு வருஷம் வரை சிறை. அதிகாரிக்கு 1897-லேயே பாதுகாப்பு எழுதிய சட்டத்தில் நமக்கு இடம் கிடைக்க 123 வருஷம் ஆகியிருக்கு. ஒரு நர்ஸ் எத்தனை நோயாளியைப் பார்க்கலாம் என்பது பற்றி அதில் ஒரு வரி கூடக் கிடையாது.

ரமாபாய் ரானடே 1909-ல் இங்கே சேவா சதன் தொடங்கி, பெண்களை சாசூன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பிய கதை பெரியது. தனிப் பதிவாகவே எழுதணும். நைட் டியூட்டி முடியட்டும்.